சார்ஜுக்குப் பத்தொன்பது அர்த்தம்

ஹாலாஸ்யத்திடம் ஒரு நோட்டு இருந்தது. காலிகோ அட்டை போட்ட பெரிய நோட்டு. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த வருஷம் வாங்கியது. இங்கிலீஷில் எந்தச் சொல் அவரைப் பகலில் திண்டாட வைத்ததோ, அதைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் அலம்பியதும் அந்த நோட்டில் எழுதி, எதிரே தமிழையும் எழுதி, மை காயும் வரை ஊதிவிட்டுத்தான் காபியைத் தொடுவார். மற்ற சொற்களுக்கெல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. மிஞ்சிப் போனால் அரைப் பக்கம். சார்ஜ் என்ற சொல்லுக்கு மட்டும் பதினொரு பக்கம்.

அந்தச் சொல்லின் மேல் அவருக்குக் கோபமே உண்டு. "வெள்ளைக்காரன் மகா கஞ்சன், ஓய். ஒரே வேஷ்டியை இடுப்பிலேயும் கட்டிண்டு, தலையிலேயும் சுத்திண்டு, குளிர் அடிச்சா அதையே போர்த்திக்கவும் போர்த்திக்கறான்" என்பார். பொய்யில்லை. புது அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சார்ஜ் எடுத்துக்கொண்டார். பஸ்காரன் கையை நீட்டினால் அதுவும் சார்ஜ். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு வருவது சார்ஜ் ஷீட். அதே போலீஸ்காரர் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாலும் சார்ஜ்தான். பீரங்கிக்குள் திணிக்கிற மருந்து, மோட்டார் பாட்டரியில் ஏற்றுகிற மின்சாரம், கன்னிகாஸ்திரீகளிடம் வளர்கிற அநாதைக் குழந்தை, எல்லாம் சார்ஜ். முன்னால் ஒரு 'டிஸ்' சேர்த்துவிட்டாலோ இன்னொரு கும்பல்: ஜெயிலிலிருந்து கைதி வருகிறான், ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி வருகிறான், பட்டாளத்திலிருந்து சிப்பாய் வருகிறான், புண்ணிலிருந்து சீழ் வருகிறது. நாலு பேருக்கும் ஒரே சொல்.

காலேஜில் படித்தபோது வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் அதற்கு வம்சாவளி சொல்லியிருந்தார். பழைய லத்தீனில் வண்டி என்று பொருள்படும் ஒரு சொல். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவது. அந்த ஏற்றுவதுதான் நாளடைவில் சார்ஜ் ஆயிற்றாம். மோட்டார் காரும் கப்பலில் ஏற்றும் கார்கோவும் சுமந்துபோவது என்று அர்த்தமாகிற 'கேரி'யும் அதற்குக் கூடப் பிறந்தவர்களாம். ஹாலாஸ்யம் அதையும் விடாமல், பதினொரு பக்கத்துக்கும் மேலே, சிவப்பு மையில் 'மூலம்: வண்டியில் பாரம் ஏற்றுதல்' என்று எழுதி வைத்திருந்தார். மொத்தம் பத்தொன்பது அர்த்தம். பத்தொன்பதுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் கண்டுபிடித்திருந்தார். ஒன்றை இன்னொன்றோடு கலந்தார் என்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாஜிஸ்டிரேட்டும் அவரைச் சொன்னதில்லை.

அந்தக் கோர்ட்டு மதுரையில் எந்தத் தெருவில் இருந்தது, இப்போது இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. ஒரு மாஜிஸ்டிரேட் கோர்ட்டு, அவ்வளவுதான். அங்கே ஹாலாஸ்யத்தின் வேலை, குற்றம் சாட்டப்பட்டவன் கூண்டில் ஏறியதும் அவன்மேல் உள்ள சார்ஜை அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டி, "ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டு, அவன் சொல்லும் பதிலை இங்கிலீஷில் மாஜிஸ்டிரேட்டுக்குச் சொல்வது. சட்டம் சொல்வது இது. நடந்தது கொஞ்சம் வேறு.

நடந்தது என்னவென்றால், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவர்கள், மாட்டை ஊரான் கொல்லையில் மேயவிட்டவர்கள், தெருவில் நின்று சண்டை போட்டவர்கள். சார்ஜை முழுசாகப் படித்தால் சட்டப் பிரிவு, உட்பிரிவு, தேதி, எல்லை, சாட்சி என்று நீளும். படித்து முடித்தாலும் கூண்டில் நிற்பவன் "என்ன சாமி சொல்றீக?" என்பான். அதனால் ஹாலாஸ்யம் காகிதத்தைக் கண்ணால் ஓட்டிவிட்டு, கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, "வண்டியிலே விளக்கு இல்லைதானே? ஆமான்னு சொல்லிடு, சட்டுன்னு முடிஞ்சுடும்" என்பார். அவன் "ஆமா சாமி" என்பான். சின்ன அபராதம். கட்டிவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடுவான். இல்லையென்று சொன்னால் வாய்தா, மறு வாய்தா என்று நாலு தடவை ஊரிலிருந்து அலைய வேண்டும். ஆகவே ஹாலாஸ்யம் செய்தது உபகாரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். டவாலிச் சேவகனுக்குத் தெரியும், தலைமைக் குமாஸ்தா வெங்கட்ரமணனுக்குத் தெரியும், வக்கீல்களுக்குத் தெரியும், மாஜிஸ்டிரேட்டுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று யாராவது வருத்தப்படுவார்களா? பழக்கம் கொடியது, பாறையினும் கோழி சீய்க்கும் என்று சும்மா சொல்லவில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டு மாசம் வந்தது. ஊர் கொந்தளித்தது. வீதியில் ஊர்வலம், கல்லெறி, தடியடி. தந்திக்கம்பியை அறுத்தார்கள், ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். போலீஸ் வளைத்து வளைத்துப் பிடித்தது. கோர்ட்டில் ஒரு நாளைக்குப் பத்துக் கேஸ் இருந்த இடத்தில் நாற்பது வந்து நின்றது. மாஜிஸ்டிரேட் தலை நிமிராமல் எழுதினார். பங்கா இழுக்கிறவனும் பாதி நேரம் தூங்கிவிட்டான்.

செப்டம்பரில் ஒரு நாள், அன்றைய முப்பத்தேழாவது கேஸாகக் கூண்டில் ஏறியவன் சங்கிலி. கொட்டாம்பட்டிப் பக்கத்து வண்டிக்காரன். வைக்கோல் ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் மதுரைக்கு வந்துகொண்டிருந்தவனை ஒரு கும்பல் மறித்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே புரட்டிப் போட்டுவிட்டுத் தந்திக்கம்பத்தில் ஏறியது. போலீஸ் லாரி வந்ததும் கும்பல் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்து காணாமல் போயிற்று. சங்கிலி ஓடவில்லை. அவன் வண்டி அங்கே கிடந்ததே, எப்படி ஓடுவான்? வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டது.

இவ்வளவும் பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஹாலாஸ்யம் கண்டதெல்லாம் சாயங்காலம் ஐந்து மணியும், நாற்பது வயசுக் குடியானவனும், கையிலிருந்த காகிதத்தில் 'வண்டி', 'ரோடு' என்ற இரண்டு சொல்லுந்தான். தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் தானே முன்னால் வந்து நின்றுகொண்டது. குனிந்தார்.

"வண்டி உன்னுதுதானே?"

"என்னுதுதான் சாமி."

"ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது?"

"கெடந்துச்சுங்க. ஆனா..."

"ஆனா கீனாவெல்லாம் வேண்டாம். ஆமான்னு சொல்லிடு, சட்டுன்னு முடிஞ்சுடும்."

சங்கிலி மாஜிஸ்டிரேட்டைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆமா சாமி" என்றான். ஹாலாஸ்யம் திரும்பி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்று இங்கிலீஷில் சொன்னார். சொன்ன பிறகுதான் காகிதத்தின் அடியில் பார்வை போயிற்று. சார்ஜ் மூன்று. தந்திக்கம்பியை அறுத்தது. சட்டவிரோதக் கும்பலில் சேர்ந்தது. போலீஸ் வருவதைத் தடுக்க ரோட்டை அடைத்தது. வாயைத் திறந்தார். அதற்குள் மாஜிஸ்டிரேட் எழுதி முடித்துவிட்டார். இரண்டு வருஷம் கடுங்காவல். அத்தோடு பதினைந்து பிரம்படி.

சங்கிலி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எம்புட்டுச் சாமி கட்டணும்?" என்று கேட்டான்.

டவாலி முப்பத்தெட்டாவது பேரைக் கூப்பிட்டுவிட்டான். ஹாலாஸ்யம் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கால் அலம்பினார். நோட்டை எடுத்தார், மூடினார். காபி குடித்தார். பகீரென்றது, தூக்கம் வரவில்லை, துடித்துப்போனார் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நன்றாகத் தூங்கினார். ஆனால் மறுநாள் எழுந்தபோது அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகிறதே, தட்டினால் நம் கால் மாதிரியே இருக்காதே, அந்த மாதிரி. மனுஷன் முழுசும் அப்படி ஆகிவிட்டார்.

அவர் மனைவி பட்டுதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏன்னா, ரசத்துலே உப்புப் போட மறந்துட்டேன். நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுண்டிருக்கேளே! நாக்கு எங்கே போச்சு?" என்றாள். ஹாலாஸ்யம் இலையைப் பார்த்தார். "போடலையா?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டு எழுந்தார்.

பத்தாவது நாள் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் வக்கீல் ஜேசுராஜ் அவரை நிறுத்தினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த இளம் வக்கீல். கட்சிக்காரன் கையில் காசில்லாவிட்டாலும் கேஸை எடுத்துக்கொள்வார் என்று பெயர். பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். காதில் தண்டட்டி, கையில் ஒரு துணி மூட்டை. சங்கிலியின் பெண்டாட்டி முத்துத்தாய்.

ஹாலாஸ்யத்தைக் கண்டதும் அவள் குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். "அவரு சொன்னாக சாமி. உள்ள அம்புட்டுப் பேரு இருந்தும், நீங்க ஒரு ஆளுதான் குனிஞ்சு ரெண்டு வார்த்தை அன்பாப் பேசினீகளாம். எங்க காட்டுக் கடலை சாமி. வாங்கிக்கணும்" என்று மூட்டையை நீட்டினாள். ஹாலாஸ்யம் வாங்கிக்கொண்டார்.

ஜேசுராஜ் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். "சார், சுத்தி வளைக்கலை. ஒப்புக்கிட்ட கேஸுக்கு அப்பீல்ல ஒண்ணும் நிக்காது. சார்ஜையே அவனுக்குப் படிக்கலைன்னு, படிக்க வேண்டியவரே எழுதிக் குடுத்தா மட்டும்தான் வழி. நீங்க படிச்சீங்களா?"

ஹாலாஸ்யம் கடலை மூட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தீர்ப்பாகிப் பதினஞ்சு நாள் வரைக்கும் பிரம்படி குடுக்கமாட்டாங்க. அதுக்குள்ள அப்பீல் போட்டா நிறுத்தி வெச்சுடுவாங்க. இன்னும் அஞ்சு நாள் இருக்கு சார்."

"பார்க்கலாம்" என்றார் ஹாலாஸ்யம்.

பார்த்தார். அன்று சாயங்காலம் பட்டுவிடம் சொன்னார். அவள் இரக்கமில்லாதவள் அல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, "இன்னும் ஆறு மாசத்துலே ரிட்டயர் ஆறேள். பென்ஷன் கைக்கு வந்துடட்டும். அப்புறம் தாராளமா எழுதிக் குடுங்கோ. இப்போ எழுதினா நம்ம ஸ்யாமளா கல்யாணம் என்ன ஆறது?" என்றாள். வெங்கட்ரமணனிடமும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். ஹாலாஸ்யத்திடமிருந்து சார்ஜ் எடுத்துக்கொள்ளப் போகிறவர் வெங்கட்ரமணன்தான். அதற்குள் ஹாலாஸ்யத்தின் நோட்டைக் காப்பியெடுக்கவும் ஆரம்பித்திருந்தார். "அண்ணா, யானைக்கும் அடி சறுக்கும். ஆனா நீங்க இதை எழுதினேள்னா இந்த ஒரு கேஸோட நிக்காது. இருபத்தாறு வருஷத்துலே ஆமான்னவன் அத்தனை பேரும் திரும்பி வருவான். நம்ம எல்லார் குட்டும் வெளிப்படும்" என்றார்.

இரண்டு பேரும் சொன்னது நியாயமாகவே இருந்தது. நியாயமாக இருந்ததுதான் தொல்லை. யாராவது ஒருத்தர் அநியாயமாகப் பேசியிருந்தால் ஹாலாஸ்யம் ஒருவேளை விழித்துக்கொண்டிருப்பார்.

பதினைந்தாம் நாள் விடிந்தது. அன்றைக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரியும். பூஜை செய்தார். சாப்பிட்டார். கோர்ட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிலத்தகராறுச் சாட்சியத்தை மொழிபெயர்த்தார். கொத்துக்கொத்தாகச் சட்டச்சொல் நிறைந்த சாட்சியம், ஒரு பிழை இல்லை. பத்து மணி அடித்தபோது ஜெயில் திசையில் ஒரு தடவை பார்த்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பயம் வருமோ என்று பார்த்தார், அதுவும் வரவில்லை. நிலத்தகராறில் வந்த ஒரு சொல்லுக்கு நல்ல தமிழ் கிடைத்தது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

இருபத்தேழாம் நாள் முத்துத்தாய் மறுபடியும் வந்தாள். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் வந்திருந்தாள், புடவையெல்லாம் கரித்தூள். மேலூர் தாண்டி பஸ் இரண்டு தடவை நின்றுவிட்டதாம். மத்தியான இடைவேளை. தாழ்வாரத்தில் மனுஷ நடமாட்டம் குறைந்திருந்தது. இந்தத் தடவையும் கையில் மூட்டை.

"சாமி, அவரைப் பாத்துட்டு வாரேன். முதுகைக் காட்ட மாட்டேன்னுட்டாக. கம்பிக்கு அந்தப் பக்கம் நிமிந்தே நிக்கிறாக. சொவத்துல சாயக்கூட இல்ல. பக்கத்துல இருந்தவருதான் சொன்னாரு, பெரம்பால அடிச்சிருக்காகன்னு." அவள் அழவில்லை. எங்கோ எல்லாவற்றையும் அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். "சாமி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வக்கீலய்யா என்னென்னமோ சொல்றாரு, வெளங்கலை. விளக்கில்லாம வந்தாக்கூட எங்க ஊர்ல அபராதம்தேன் போடுவாக. இவுக என்ன குத்தஞ் செஞ்சாகன்னு உள்ள வெச்சு அடிக்கிறாக? அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்கு? அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க சாமி. நான் போயிடுறேன்."

ஹாலாஸ்யம் உள்ளே போனார். கேஸ் கட்டை அவிழ்த்து, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஏன் எடுத்து வந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒருத்தி சார்ஜ் என்ன என்று கேட்டாள். சார்ஜைப் படிப்பதுதான் அவர் வேலை. நின்றுகொண்டு படித்தார். பிரிவு, உட்பிரிவு, தேதி, இடம், ஒன்று விடாமல், கொட்டாம்பட்டிக்காரிக்குப் புரிகிற தமிழில் படித்தார். முதலாவது, தந்திக்கம்பத்தில் ஏறிக் கம்பியை அறுத்தது. இரண்டாவது, அரசாங்கத்துக்கு விரோதமான கும்பலில் சேர்ந்து நின்றது. மூன்றாவது, போலீஸை மறிப்பதற்காகத் தன் வண்டியைத் தானே ரோட்டில் புரட்டிப் போட்டது.

முத்துத்தாய் வாயைத் திறந்தபடி கேட்டாள். "கம்பத்துல ஏறினாகளா? அவுகளுக்குத் தென்னமரமே ஏறத் தெரியாதே. வண்டியைத் தானே பொரட்டுவாகளா? அந்த வண்டிக்கு அவுக எண்ணெய் விடுற அழகை நீங்க பாக்கணும்." காகிதத்தைக் கையால் காட்டினாள். "இதுக்கா சாமி அவுக ஆமான்னாக?"

"ஆமா."

"இதை எல்லாம் கேட்டுட்டா?"

தாழ்வாரத்தில் ஒரு காக்கை குதித்துக் குதித்துப் போயிற்று. ஹாலாஸ்யம் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லை. இதை நான் அவனுக்குப் படிக்கவே இல்லை. ஆமான்னு சொல்லிடு, சட்டுன்னு முடிஞ்சுடும்னு நான்தான் சொன்னேன். அடிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கலாம். எழுதலை."

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பார். முத்துத்தாய் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். அதை அவரிடம் நீட்டவில்லை, இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "இப்ப எழுதலாமா சாமி?" என்று கேட்டாள்.

"எழுதலாம். அப்பீலுக்கு முப்பது நாள் கெடு. இன்னும் மூணு நாள் இருக்கு."

"அப்ப எழுதுங்க. நான் இங்கதேன் ஒக்காந்திருக்கேன்."

தூணோரமாக உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. ஹாலாஸ்யம் உள்ளே போய் மேஜைமுன் உட்கார்ந்து எழுதினார். பத்தொன்பது அர்த்தமும் அத்துபடியான மனுஷர், சங்கிலிக்கு அதில் ஓர் அர்த்தத்தைக்கூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தார், அது ஆமா. இதைத்தான் கோர்ட்டுப் பாஷையில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஜேசுராஜைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். பட்டுவின் முகம் ஒரு கணம் வந்து போயிற்று. வெங்கட்ரமணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு எல்லாம் அதனதன் பாட்டில் நடந்தது. மறுவாரமே ஹாலாஸ்யத்தை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். சாவி, சீல், கட்டுகள் எல்லாவற்றையும் வெங்கட்ரமணனிடம் ஒப்படைத்து, சார்ஜ் கொடுத்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டார். விசாரணை வைத்தார்கள். ஒளிக்காமல் சொன்னார். சர்வீஸிலிருந்து டிஸ்சார்ஜ் என்று உத்தரவு வந்தது, பென்ஷன் கிடையாது. ஸ்யாமளாவுக்குப் பேசியிருந்த வரன் திருநெல்வேலியில் வேறு இடம் பார்த்துக்கொண்டது. பட்டு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "சமையல் ஆயிடுத்து, வாங்கோ" என்றாள். அவர் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

வெங்கட்ரமணன் பயந்த மாதிரி இருபத்தாறு வருஷத்து ஆட்கள் யாரும் திரும்பி வரவில்லை. அவர்களுக்கெல்லாம் இது தெரிந்தால்தானே!

அப்பீலில் பழைய தீர்ப்பு ரத்தாயிற்று. கேஸை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். மாசி மாசம், அதே கோர்ட்டு, புது மாஜிஸ்டிரேட். ஹாலாஸ்யம் அன்று போனார். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த இடத்தில் முதல் தடவையாகப் பொதுஜனங்கள் உட்காரும் பெஞ்சியில், ஒரு பால்காரருக்கும் ஒரு வெற்றிலைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்தார். வெற்றிலைக்காரர், "எந்த ஊரு சாமி? என்ன கேஸு?" என்று விசாரித்தார். "இந்த ஊர்தான். வண்டிக் கேஸ்" என்றார்.

சங்கிலி கூண்டில் ஏறினான். பாதி ஆளாகியிருந்தான். கூண்டுக் கட்டையில் கை வைத்தானே தவிர, பின்னால் சாயவில்லை. வெங்கட்ரமணன் காகிதத்தை எடுத்து நின்று படித்தார். அவரிடம் இப்போது பயம் இருந்தது, அதனால் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஹாலாஸ்யத்தின் நோட்டிலிருந்து எடுத்த தமிழ்தான். சங்கிலி ஒவ்வொரு சார்ஜையும் தலையைச் சாய்த்துக் கேட்டான். கம்பியை அறுத்தாயா? "இல்ல சாமி." கும்பலில் சேர்ந்தாயா? "இல்ல சாமி." வண்டியை நீயே புரட்டினாயா? இதற்கு மட்டும் அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நானா? இல்ல சாமி."

போலீஸ் தரப்பில் ஒரே சாட்சி. சங்கிலி கம்பத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்தாயா என்று ஜேசுராஜ் கேட்டதற்கு, வண்டிப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன் என்றார் சாட்சி. கேஸ் அத்தோடு தீர்ந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விடுதலை.

ஹாலாஸ்யம் முதலிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டார். அவர்களைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் செருப்பைத் தேடுவதற்குள் இரண்டு பேரும் படியிறங்கி வந்துவிட்டார்கள். முத்துத்தாய் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜேசுராஜிடம் பஸ்ஸைப் பற்றி ஏதோ கேட்கப் போனாள். சங்கிலி நேரே அவரிடம் வந்தான். கையில் ஒரு துண்டு வைத்திருந்தான். தோளில் போடவில்லை.

"சாமி, முத்தாயி எல்லாம் சொல்லுச்சு" என்றான்.

ஹாலாஸ்யம் தலையாட்டினார். அவனுக்குச் சொல்வதற்கென்று அவர் இந்த நாலைந்து மாசத்தில் எத்தனையோ வாக்கியம் சேர்த்து வைத்திருந்தார். அதற்குள் சங்கிலியே பேசினான்.

"உள்ள இருக்கையில யோசிச்சுப் பாத்தேன். உங்களுக்கும் எனக்கும் வாய்க்கா தகராறா, வரப்புத் தகராறா? ஒண்ணுங் கெடையாது. மொகத்தைப் பாத்தாலும் கெட்டவரா தெரியலை. இப்ப அந்த அய்யா படிச்சாரே, வெத்தலை போடுற நேரங்கூட ஆகலை." சங்கிலிக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவன் மாதிரி அவர் முகத்தைப் பார்த்தான். "அதேன் கேக்கணும்னு நெனைச்சேன். அன்னைக்கு உங்களுக்கு எங்கிட்டாச்சும் வெரசாப் போக வேண்டியிருந்துச்சா சாமி? வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

ஹாலாஸ்யம் அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். ரயில் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் காட்சி இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போனார், கால் அலம்பினார், காபி குடித்தார், ஊஞ்சலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது கேஸ் என்றோ, மாஜிஸ்டிரேட் அவசரப்பட்டார் என்றோ சொல்லலாம். சங்கிலி அதை நம்பியும் இருப்பான், மனசு ஆறியும் போயிருப்பான்.

"இல்லைப்பா" என்றார். "எங்கேயும் போக வேண்டியிருக்கலை."

சொன்னதும் நெஞ்சுக்குள் எங்கேயோ சுரீரென்றது. மரத்த காலை ஊன்றினால் முதலில் அப்படித்தான் இருக்கும். அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். வலித்தது, நன்றாக வலித்தது.

சங்கிலி கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டான். பிறகு "சரி சாமி" என்று சொல்லிவிட்டு, முதுகை வளைக்காமல், மெதுவாக முத்துத்தாயிடம் நடந்து போனான்.